குளவி யாரையும் கேட்பதில்லை

அந்தக் காலத்தில் பூச்சிகள் பேசின; ஒருவர் வீட்டில் இன்னொருவர் குடியும் இருந்தார்கள். செங்கான் என்ற குளவி தன் மனைவி பொன்னரியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் முன்னங்கால்களில் ஓர் உருண்டை ஈரமண்ணை ஏந்திக்கொண்டு, பின்சுவர் ஓட்டைக்கு முன்னால் நின்றாள். அதைப் பூச வேண்டாம் என்று சொன்னவன் செங்கான்தான்.

வீடு அவர்களுடையது இல்லை. கரையான் புற்றில் ஓர் அறையும் உள்ளறையும் எடுத்துக் குடியிருந்தார்கள். புற்றுக்காரர் தொந்தி பெருத்த கிழட்டுக் கரையான். குடிவந்த அன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது, பொட்டு மண் உதிர்ந்தாலும் தன்னிடம்தான் சொல்ல வேண்டும், தானே வந்து பூசுவார். புற்று கட்டிய பரம்பரை என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. சொன்னால் வருவாரா என்றால், வரமாட்டார்.

ஒரு மழைக்குப் பிறகு பின்சுவரில் ஓட்டை விழுந்தது. முதலில் கடுகு நுழையும் அளவுதான். செங்கான் போய்ச் சொன்னான். ஈரம் காயட்டும் என்றார் புற்றுக்காரர். காய்ந்தது. மறுபடி போய்ச் சொன்னான். காற்று வருமே, நல்லதுதானே என்று சிரித்தார். ஓட்டை மொச்சைக்கொட்டை அளவு ஆனது. அப்போது போனதற்கு, ஐயா சாப்பிடுகிறார் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளறையில் முட்டைகள் இருந்தன. வெளியே பூரான் ஊர்ந்த தடம் தெரிந்தது.

பொன்னரி பொறுத்துப் பார்த்துவிட்டு, குட்டையோரம் போய் மண் பிசைந்து கொண்டுவந்தாள்.

"ஒரு உருண்டை மண்ணுங்க. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள பூசிடுவேன்."

"அவர் பார்த்தால் பொல்லாப்பு, புள்ள. இன்னொரு தரம் கேட்டுட்டு வந்துடறேன்."

"கேளுங்க, கேளுங்க. அந்தப் பூரானும் உங்களைக் கேட்டுட்டுத்தான் உள்ளே வரும்."

அவன் சிரித்துக்கொண்டேதான் போனான்.

புற்றுக்காரர் அவனை வெகுநேரம் நிற்க வைத்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். திரும்பி வந்தபோது ஓட்டை பிளந்து கிடந்தது. உள்ளறை வாசலில் பொன்னரி செத்துக் கிடந்தாள். பூரான் தலையை நீட்டிய பிறகு ஓட்டையை அடைக்க முடியாது. கையிலிருந்த ஒரே உருண்டையை முட்டைகள் இருந்த அறையின் வாயில் அப்பிவிட்டு, அவள் வெளியே நின்றிருக்கிறாள். அந்த மண்ணைப் பூரானால் உடைக்க முடியவில்லை.

மறுநாள் புற்றுக்காரர் வந்தார். துக்கம் கேட்க அல்ல. நேராக உள்ளறை வாசலில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டுப்பா இந்த மண்ணை அப்பினீங்க? நிறமே சேரலை. சுரண்டி எடு."

அதுவரை குளவிகளுக்கு மெல்லிய குரல்தான். அன்று செங்கானின் சிறகுகள் நடுங்கி, நெஞ்சிலிருந்து ஓர் உறுமல் எழுந்தது.

"உங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் இவளைப் பறிகொடுத்தேன். இனி ஓர் ஓட்டையை அடைக்க எந்த வீட்டுக்காரனையும் கேட்க மாட்டேன். இந்த மண்ணுக்குப் பின்னால் இருக்கிற என் பிள்ளைகளும் கேட்க மாட்டார்கள். முடிந்தால் இதைத் தொட்டுப் பாருங்கள்."

புற்றுக்காரர் தொடவில்லை. அவர் கண்ணெதிரிலேயே செங்கான் மண் கொண்டுவந்து பின்சுவர் ஓட்டையை அடைத்தான். பூசி முடிக்கும்வரை உறுமல் நிற்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்து வெளியே வந்ததும் புற்றைக் காலி செய்துவிட்டார்கள்.

அன்று முதல்தான், பூட்டுத் துவாரமோ, ஆணி பிடுங்கிய குழியோ, சுவிட்சுப் பெட்டியின் கண்ணோ, எந்த வீட்டில் எந்த ஓட்டையைக் கண்டாலும் குளவி யாரையும் கேட்காமல் மண் வைத்து அடைக்கிறது. பூசும்போது உறுமுகிறது. உள்ளே பிள்ளை இருக்கும்வரை அந்தக் கூட்டை நாமும் உடைப்பதில்லை.

அந்தப் புற்றில் இப்போது யாரும் குடியில்லை. உள்ளறை வாசலில் வேறு நிறத்தில் கொஞ்சம் மண் ஒட்டியிருக்கிறது. அதன் நடுவில், பிள்ளைகள் வெளியேறிய துளை இருக்கிறது.