ஆமைத் தலைவர் நடத்திய தேர்தல்

அல்லிக்குளத்தை ஒரு முதலை ஆண்டுவந்தது. "தலைவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கலாமே" என்று பொறுமையன் என்ற ஆமை ஒருநாள் கேட்டார். அவரையும், கூடச் சேர்ந்து தலையாட்டிய பத்துப் பேரையும் முதலை அன்றே விரட்டிவிட்டது. உயிர் தப்பியதே பெரிய விஷயம்.

மலைக்கு அப்பால் ஒரு குட்டையில் அவர்கள் 'அல்லிக்குளச் சீர்திருத்தக் கட்சி'யைத் தொடங்கினார்கள். பொறுமையன்தான் தலைவர். வாரம் தவறாமல் கூட்டம் நடக்கும். குளத்துக்குத் தேர்தல் வேண்டும் என்று தீர்மானம் போடுவார்கள். பிறகு வயிறு நிறையப் பாசி தின்றுவிட்டுக் கலைந்துபோவார்கள். இப்படியே பதினெட்டு மழைக்காலம் ஓடியது. பொறுமையன் தங்கமான மனசுக்காரர்தான். ஆனால் தலைவருக்கான பாறையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒருநாள் காலை, நீலி என்ற வாத்து முதலைக்குத் தெரியாமல் குளத்திலிருந்து பறந்து வந்தது.

"ஐயா, தேர்தல் என்று நீங்கள் சொல்வது எங்கள் காதுக்கும் வருகிறது. ஆனால் அதை நாங்கள் பார்த்ததே இல்லை. தோற்றவரைத் தின்றுவிடுவார்களோ என்று எல்லோருக்கும் பயம். நீங்கள் இங்கே நடத்துவதைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்கிறேன்" என்றது.

அந்தக் குட்டையில் யாரும் தேர்தல் நடத்தியதே இல்லை! ஊருக்குத் திரும்பியதும் வைத்துக்கொள்ளலாம் என்று பொறுமையன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தார்.

பாறை கைவிட்டுப் போய்விடுமே என்று அவருக்குப் பயமாக இருந்தது. நீலியை வெறுமனே திருப்பி அனுப்பினால் குளத்தில் யார் இனி நம்மை நம்புவார்கள் என்றும் தோன்றியது. நெடுநேரம் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு யோசித்தார்.

"இன்றைக்கே வைப்போம்" என்றார் கடைசியில்.

சேற்றில் இரண்டு குழி பறித்தார்கள். ஒன்று ஆமைக்கு. இன்னொன்று, அவரை எதிர்த்து நின்ற கட்சிக்காரரான தாவுகாலி என்ற தவளைக்கு. ஆளுக்கு ஒரு கூழாங்கல் போட்டார்கள். ஆமையின் குழியில் நான்கு கல். தவளையின் குழியில் ஏழு.

பொறுமையனுக்கு அழுகை வந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. மெல்லப் பாறையை விட்டு இறங்கினார். தவளை பதறிப்போய், "அண்ணே, எங்கே போறீங்க? என் பக்கத்திலேயே உட்காருங்க" என்றது. எல்லோரும் சேர்ந்து பாசி தின்றார்கள்.

நீலி குளத்துக்குத் திரும்பி ஒவ்வொருவர் காதிலும் ஒரே சேதியைச் சொன்னது: "தோற்றவர் உயிரோடு இருக்கிறார். ஜெயித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்."

மறுநாள் காலை முதலை கண் திறந்தபோது, தேர்தல் கேட்டுக் குளமே எதிரில் நின்றது.

ஊருக்காகக் கேட்கும் நியாயத்தை முதலில் தமக்குள் நடத்திக் காட்டுகிறவர்களின் பேச்சுதான் எடுபடும்.