சந்தியாகு மச்சான் வீட்டுக் கம்ப்யூட்டர்

பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில், கம்ப்யூட்டர் சரி செய்கிற கடை ஒன்று இருந்தது. அங்கே குரு பைரோஜா. அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் இன்னாசி. மினி பஸ் ஓட்டியவர். ரூட்டு நின்றுபோனதும் தொழில் கற்றுக்கொள்ள வந்தார். தலை பாதி நரைத்திருந்தது.

அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

ஒருநாள் இன்னாசி கேட்டார்.

"டீச்சர், நான் எப்போ தனியாப் போகலாம்?"

"எங்கே?"

"வீடுகளுக்கு. நீங்க கூட வராம."

பைரோஜா ஒரு பழைய பெட்டிக்குள் இருந்த தூசியைப் பிரஷ்ஷால் தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அடுத்து யார் வீடு?"

"என் மச்சான் வீடு. வீட்டுக்காரியோட அண்ணன், சந்தியாகு. அவரோட கம்ப்யூட்டர் ஆன் ஆகறதுக்குள்ள ஒரு உலை சோறு வடிச்சுடலாம். அதை ஓட்டுற ஓ.எஸ்.ஸை அழிச்சுட்டுப் புதுசா போடணும்."

"உள்ளே என்ன இருக்கு?"

"பாஸ்கா நாடகம். ஈஸ்டர் சமயத்துல ஆண்டவர் பட்ட பாடுகளை எங்க ஊர்ல நாடகமாப் போடுவோம். வசனம் மச்சான்தான். வருஷா வருஷம் திருத்தித் திருத்தி அதுலயே அடிச்சு வச்சிருக்கார். வேற எங்கேயும் இல்ல. அடுத்த வாரம் நடிக்கிறவங்க கையில குடுத்தாகணும்."

"அது போச்சுன்னா?"

"ஊருக்கு நாடகம் இல்ல. எனக்கு அந்த வீட்டு வாசப்படி இல்ல."

பைரோஜா பிரஷ்ஷை வைத்தாள்.

"நானும் வரேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லலையே டீச்சர்."

"வரேன்னு சொன்னேனே."

போகிற வழியில் இன்னாசி சொன்னார். "ஒண்ணு மட்டும். நானேதான் செய்வேன். நீங்க கையும் வைக்கக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. ஒரு பொண்ணைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வேலை செஞ்சேன்னு மச்சான் காலம் பூரா சொல்லிக் காட்டுவார்."

"சரிண்ணே."

சந்தியாகு வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க மாப்ள. பஸ்ஸை விட்டுட்டு இதை ஓட்ட வந்துட்டீங்களா? இதுக்கு பிரேக் எங்கே இருக்குன்னு தெரியுமா?"

"இதுக்கு பிரேக் கிடையாது மச்சான்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு. ஆண்டவரைக் காட்டிக்குடுக்கிற யூதாசுக்கு இந்த வருஷம்தான் நல்லா ஒரு வசனம் அமைஞ்சிருக்கு. அதைத் தொலைச்சீங்க, உங்களையே யூதாசா நிறுத்திடுவேன்."

இன்னாசி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

பைரோஜா பையிலிருந்து வெளியே ஒயரில் மாட்டுகிற ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தாள். நாடகத்தை முதலில் அதில் காப்பி எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. அது அவளுடைய சொந்த டிஸ்க். பழைய கம்ப்யூட்டர்களுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் எல்லாம் அதில் இருந்தது. இப்போது எங்கே தேடினாலும் கிடைக்காதவை. கடை திறந்த நாளிலிருந்து சேர்த்தது.

இன்னாசி டிஸ்க்கை ஒயரில் மாட்டினார். மச்சான் காட்டிய ஃபோல்டரை அதில் காப்பி எடுத்தார். புது ஓ.எஸ். இருந்த சிடியைப் போட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்தார்.

சந்தியாகுவின் மனைவி மரியபுஷ்பம் ஒரு தட்டில் சுண்டல் கொண்டுவந்தாள். பைரோஜா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு இன்னாசிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அங்கிருந்து திரை நன்றாகத் தெரிந்தது.

புது ஓ.எஸ்.ஸை எந்த டிஸ்க்கில் போட வேண்டும் என்று திரை கேட்டது. கம்ப்யூட்டருக்குள் இருந்ததும் வெளியே மாட்டியதுமாக இரண்டு டிஸ்க்கையும் காட்டியது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

இன்னாசி கொஞ்சம் தயங்கினார்.

"என்ன மாப்ள, ரூட்டு மறந்துபோச்சா?"

"ரூட்டெல்லாம் மனப்பாடம்," என்றார் இன்னாசி. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அழித்தார். நிச்சயமாக அழிக்கலாமா என்று கேட்டது. ஆமாம் என்று தட்டினார்.

இந்த டிஸ்க்கில் போட முடியாது என்று வந்தது.

இன்னாசி அதை இரண்டாம் முறை படித்தார். பிறகு அவர் பார்வை கம்ப்யூட்டரிலிருந்து புறப்பட்ட ஒயர் மேல் போனது. ஒயர் போய்ச் சேர்ந்த கறுப்பு டிஸ்க்கில் நின்றது.

சந்தியாகு எழுந்துவிட்டார். "நாடகமா?"

"இல்ல மச்சான். நாடகம் உங்க கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கு. எடுத்த காப்பிதான் போச்சு."

"அப்புறம் ஏன் முகம் இப்படிப் போகுது?"

"டீச்சரோடது பூராவும் போச்சு."

எல்லோரும் பைரோஜாவைப் பார்த்தார்கள். அவள் வாயில் இருந்த சுண்டலை மென்று முடித்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"வேற எதுலயாவது வச்சிருக்கீங்களா டீச்சர்?"

"வைக்கணும் வைக்கணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

"திரும்ப எடுக்க முடியுமா?"

"கொஞ்சம் வரும். எல்லாம் வராது."

சந்தியாகு கும்பிடுவதுபோல் கையை உயர்த்தினார். "போதும் மாப்ள. மூடி வைங்க. அது மெதுவாவே ஓடிட்டுப் போகட்டும். இல்லேன்னா தங்கச்சி, நீயாவது போட்டுக் குடுத்துடேன்மா."

பைரோஜா இன்னாசியைப் பார்த்தாள்.

இன்னாசி எழுந்துபோயிருக்கலாம். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"மச்சான், உங்க நாற்காலியை இங்கே இழுத்துப் போடுங்க."

"எதுக்கு?"

"மறுபடியும் காப்பி எடுக்கப்போறேன். சரியா வந்திருக்கான்னு நீங்கதான் படிச்சுச் சொல்லணும். எனக்கு வசனம் தெரியாது."

"நான் போதும்னு சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. உட்காருங்க."

சந்தியாகு மனைவியைப் பார்த்தார். அவள் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தாள்.

பைரோஜா பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே போனாள். இன்னாசி சிடியை வெளியே எடுத்தார். கம்ப்யூட்டர் அதன் பழைய வேகத்தில் எழுந்து வந்தது. யாரும் அவசரப்படவில்லை.

காப்பி எடுத்து முடித்ததும் இன்னாசி ஒவ்வொரு காட்சியையும் பென் டிரைவிலிருந்தே திறந்தார்.

"கடைசி வரியைப் படிங்க மச்சான்."

"ஆண்டவருக்குத் தீர்ப்பு சொல்லிட்டுக் கை கழுவின பிலாத்துகிட்ட அவன் மனைவி சொல்றா. 'கழுவின கை காய்ந்துவிடும் பிரபு. அதற்குப் பிறகு?' சரியா இருக்கு."

"அடுத்தது."

முதலில் முணுமுணுத்துக்கொண்டே படித்தவர், போகப் போகக் குரலை ஏற்றி இறக்கிப் படித்தார். மரியபுஷ்பம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள்.

கடைசிக் காட்சியும் முடிந்தது.

"யூதாஸ் எங்கே?" என்றார் சந்தியாகு.

"எந்த யூதாஸ்?"

"நான் சொன்னேனே, புது வசனம். அது வரவே இல்லையே."

ஃபோல்டரை மேலும் கீழும் பார்த்தார்கள். இல்லை. இன்னாசி ஒவ்வொரு இடமாகத் திறந்து தேடினார். பழைய மின்சார ரசீதும் ஞானஸ்நானப் படங்களும் கிடந்த ஒரு மூலையில், பெயர் வைக்காத ஒரு ஃபைல் இருந்தது. திறந்தார்.

"இதுதான்," என்றார் சந்தியாகு. "கரண்டு போயிடும்னு அவசரத்துல எங்கேயோ வச்சிருக்கேன்." பிறகு மெதுவாகக் கேட்டார். "மாப்ள, முதல் தடவை இதை எடுத்தீங்களா?"

"இல்ல மச்சான். அப்பவே உங்க டிஸ்க்கை அழிச்சிருந்தா இது போயிருக்கும்."

சந்தியாகு நாற்காலியை மேஜைக்கு இன்னும் நெருக்கிப் போட்டார்.

இன்னாசி அதையும் அங்கே கிடந்த படங்களையும் காப்பி எடுத்தார். வசனத்தைத் திறந்து, படிக்கச் சொல்லிக் கேட்டார். பென் டிரைவைக் கழற்றி மச்சானின் கையில் வைத்து விரல்களை மூடினார். கறுப்பு டிஸ்க்கின் ஒயரையும் உருவினார். சிடியைப் போட்டார்.

இப்போது திரையில் ஒரே ஒரு டிஸ்க்தான் இருந்தது. இன்னாசி அதன் பெயரை வாய்விட்டுப் படித்தார். அளவையும் படித்தார். பிறகு திரும்பினார்.

"அழிக்கட்டுமா மச்சான்?"

சந்தியாகு தன் கையை ஒருமுறை திறந்து பார்த்து மூடிக்கொண்டார்.

"அழிங்க."

வெயில் இறங்குகிற நேரத்தில் வேலை முடிந்தது. நாடகமும் படங்களும் திரும்ப உள்ளே ஏறின. கம்ப்யூட்டர் சீக்கிரமே திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அதற்கான சாஃப்ட்வேர் அழிந்துபோன கறுப்பு டிஸ்க்கில் இருந்தது.

"சத்தம் வேணாம்," என்றார் சந்தியாகு. "எழுத்து தெரிஞ்சா போதும்."

பஸ்ஸுக்காக இருவரும் சாலையோரம் நின்றார்கள்.

"டீச்சர்."

"ம்."

"நான் தப்பானதைத் தேர்ந்தெடுத்தது உங்களுக்குத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"என்னோடதுதானேண்ணே."

"மச்சானோடதை அழிக்கப் போயிருந்தேன்னா?"

"கையைப் பிடிச்சிருப்பேன்."

பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது.

"நான் இனிமே தனியாப் போகலாமான்னு கேக்க மாட்டேன் டீச்சர்."

பைரோஜா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு வேலம்பட்டியில ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."