ஜன்னலில் நின்று படித்த ஃபைல்

அந்த மூன்று பேரும் இப்போதும் ஒட்டன்சத்திரம் பக்கம்தான் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் மெதுவாகவே சொல்கிறேன். குழந்தைவேலு, சவரிமுத்து, ராக்கியப்பன். மூவரும் சேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தினார்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்பவர்கள். அவர்களிடம் உள்ள தொல்லையே அதுதான்.

நாச்சிமுத்துவின் எடைமேடைக்கு, லாரியின் எடையைச் சீட்டில் அடித்துக் கொடுக்கும் புரோகிராம் எழுதினார்கள். தராசு எது, பிரிண்டர் எது என்ற விவரமெல்லாம் தனியாக ஒரு ஃபைலில் இருந்தது. முதல் நாள் காலை மேடையில் தக்காளி லாரி ஏறி நிற்க, திரையில் 'தராசு கிடைக்கவில்லை' என்று வந்தது. சீட்டு இல்லாமல் லாரி நகராது. தக்காளியோ வெயிலில் கசியத் தொடங்கிவிட்டது.

"மத்தியானத்துக்குள்ள சீட்டு வரலைன்னா தக்காளி பூரா உங்க தலையிலதான்" என்றார் நாச்சிமுத்து.

ராக்கியப்பன் துண்டைச் சுருட்டி, சுமை தூக்கத் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டான்.

கோயம்புத்தூரில் இருக்கும் சீனியர் வடிவுக்கரசிக்குப் போன் போட்டார்கள்.

"அந்த ஃபைலை யாரு படிக்கிறது?" என்று கேட்டாள் அவள்.

"நாங்க மூணு பேருமே படிச்சுட்டோங்க்கா. நல்லா வந்திருக்கு" என்றான் குழந்தைவேலு.

"நீங்க படிச்சு என்ன பிரயோஜனம்? வெப் புரோகிராம்னா சர்வரே படிச்சுக் கொடுத்துரும். இது தனியா ஓடுறது, இதுக்குன்னு யாருமில்லை. ஸ்டார்ட் பண்ணும்போதே படிச்சுக் கொடுக்கணும். தனக்கு வேணுங்கிறதை அது தேடிப் போகாது, எல்லாம் வெளியில இருந்துதான் வரணும். போனை வைங்க, நானே இங்கிருந்து பார்க்கிறேன்."

யாருமில்லை என்று கேட்டதும் சவரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது, பாவம். ஃபைலைச் செல்போனில் எடுத்துக்கொண்டு வெளியே போய் ஜன்னலோரம் நின்றான். குழந்தைவேலு ஸ்டார்ட் பண்ண, இவன் நிறுத்தி நிதானமாகப் படித்தான். மறுபடியும் 'தராசு கிடைக்கவில்லை'.

"லாரி சத்தத்துல அதுக்குக் கேட்டிருக்காது" என்றான் ராக்கியப்பன். இன்ஜினை நிறுத்தச் சொன்னார்கள். அப்போதும் அதே பதில்தான்.

குழந்தைவேலு வெகுநேரம் யோசித்தான். "கமா, அடைப்புக்குறியெல்லாம் விட்டுட்டுப் படிக்கிறான். அது கோவிச்சுக்காதா?"

சவரிமுத்து கமா விடாமல் மறுபடி ஆரம்பித்தான். அதற்குள் கோயம்புத்தூரில் வடிவுக்கரசி, புரோகிராமே தொடக்கத்தில் ஃபைலைப் படித்துக்கொள்ளும்படி ஒரு வரியைச் சேர்த்து அனுப்பிவிட்டிருந்தாள். குழந்தைவேலு ஸ்டார்ட் பண்ணினான். பிரிண்டர் கரகரவென்று சீட்டைத் தள்ளியது.

நாச்சிமுத்து சவரிமுத்துவுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். லாரி டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதன்பிறகு புரோகிராம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் ஜன்னலில் ஆள் நின்று ஃபைலைப் படிக்காமல் வந்த எடையை எந்த டிரைவரும் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் சவரிமுத்துவை நாச்சிமுத்து சம்பளத்துக்கே வைத்துக்கொண்டார்.

பேச்சு பரவி, பழனியிலிருந்து இன்னொரு எடைமேடைக்காரர் வந்தார். குழந்தைவேலு புரோகிராமின் அருமை பெருமையெல்லாம் எடுத்துச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"புரோகிராமெல்லாம் நமக்கு எதுக்குங்க? தராசைக்கூடக் கழட்டிரலாம்னு இருக்கேன். படிக்கிற ஆளை மட்டும் அனுப்பி வைங்க."