ஏழாம் தட்டுக்கு அப்புறம்

குருவுக்கு இருபத்தாறு வயது. சீடருக்கு நாற்பத்து மூன்று. குரு சீடரை "அண்ணே" என்பாள். சீடர் குருவை "வாத்தியாரம்மா" என்பார். புதுச்சேரிக்குத் தெற்கே, கடலைப் பார்த்தாற்போல் இருந்த அந்த ஆட்டக் கொட்டகையில் முதலில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். போகப் போகப் பழகிவிட்டது.

குருவின் பெயர் நிலோஃபர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் பாட்டு மேசைக்குப் பின்னால் நின்றால், வெயிலையும் பார்க்காமல் கூட்டம் வந்து ஆடும். சீடர் பெயர் சவரிநாதன். கல்யாணக் கச்சேரிகளில் ரிதம் பேட் வாசித்தவர். லேப்டாப்பில் ஆட்டப் பாட்டுக் கட்டும் வித்தையைக் கற்றுக்கொள்ள அவளிடம் வந்திருந்தார்.

அவருக்கு ஒரு பயம் இருந்தது.

ஆடுகிற பாட்டென்றால் நாலு நாலாகத்தான் வரும். டம் டம் டம் டம். உலகத்தில் எங்கே போனாலும் அதுதான் கணக்கு. சவரிநாதனுக்கோ மனசில் ஊறுவதெல்லாம் அஞ்சும் ஏழுமாக இருந்தது. ஒருமுறை காரைக்காலில் ஒரு ரிசப்ஷனில், அஞ்சு தட்டில் கட்டிய ஒன்றைத் தைரியமாகப் போட்டுவிட்டார். தகதகிட, தகதகிட. கூட்டம் தடுமாறியது. மாப்பிள்ளையின் தம்பி பக்கத்து ஆள் மேல் மோதி விழுந்தான். பிறகு எல்லாரும் நின்றார்கள். நின்று, மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, அத்தனை முகமும் சும்மா பார்த்தன. அந்தப் பார்வை அவரை விடவேயில்லை. சோற்றில் கை வைக்கும்போது வரும். பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணசந்தால் வரும். அதற்குப் பிறகு ஒருத்தரும் அவரை மேடைக்குக் கூப்பிடவும் இல்லை.

ஆனாலும் ஊறுவது நிற்கவில்லை. ஏழு தட்டில் ஒரு பாட்டுக் கட்டினார். தகிட தகதிமி, தகிட தகதிமி. நிலோஃபர் கண்ணை மூடிக் கேட்டாள். கேட்டு முடித்ததும் எழுந்து நேராகக் கொட்டகைக்காரர் கலியமூர்த்தியிடம் போனாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம சவரியண்ணன் ஆரம்பிக்கட்டும்."

கலியமூர்த்தி சவரிநாதனை மேலும் கீழும் பார்த்தார்.

"காரைக்கால் கதையெல்லாம் என் காதுக்கும் வந்துச்சு. இந்தப் பொண்ணு முகத்துக்காகச் சரிங்கிறேன். ஆட்டம் நின்னுச்சுன்னா கரண்டு மெயினையே அணச்சுடுவேன்யா. அப்புறம் இந்தக் கொட்டகப் பக்கம் தலவச்சுப் படுக்காத."

சவரிநாதன் சரியென்று தலையை ஆட்டினார்.

வெளியே வந்ததும் குருவைப் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரம்மா, உண்மையச் சொல்லு. ஏழுல போட்டா ஜனம் ஆடுமா, விழுமா?"

"செருப்பக் கழட்டுங்கண்ணே."

அலை நனைத்துவிட்டுப் போன மணலில் இறங்கினார்கள். இயர்போனில் ஒரு முனையை அவர் காதில் செருகினாள், மறுமுனை அவளுக்கு. பாட்டை ஓடவிட்டாள்.

"தட்டுக்கு ஒரு அடி வைங்க."

நடந்தார்.

"மொதத் தட்டு எந்தக் கால்ல விழுது?"

"இடது கால்ல."

"அடுத்த சுத்து?"

நடந்தார். கால் இடறியது. "வலதுல."

"அதுக்கடுத்தது?"

"மறுபடி இடதுல. என்னம்மா இது, சுத்துக்குச் சுத்துக் கால் மாறுது."

"நாலுல?"

நின்று யோசித்தார். முப்பது வருஷம் நாலு வாசித்த ஆள், இதை ஒருநாளும் யோசித்ததில்லை. "நாலுல எப்பவும் இடதுதான். வலதுக்கு மொதத் தட்டு வர்றதே இல்ல."

"ம்."

"ம்முன்னா என்ன அர்த்தம்? விழுவாங்களா, மாட்டாங்களா?"

"எனக்கென்னண்ணே தெரியும். நான் என்ன குறி சொல்றவளா? வாங்க, டீ சொல்லியிருக்கேன், ஆறிடும்."

விழமாட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஞாயிறுவரை ஓட்டியிருப்பார். அவள் அதைக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. தோசையைத் தட்டில் போட்ட அவர் மனைவி லூர்து, "என்னாத்துக்கு இப்புடி வெளிறிப் போயிருக்கீங்க? பாட்டுப் போடப் போறீங்களா, பல்லுப் பிடுங்கப் போறீங்களா?" என்றாள். சிரிக்க வாயெடுத்தார், வரவில்லை. தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

எழுந்தவர் லேப்டாப்பைத் திறந்தார். ஏழாம் தட்டுக்கு அப்புறம், சின்னதாக, இருக்கிறதே தெரியாத மாதிரி இன்னொரு தட்டை ஒட்டினார். ஏழு எட்டாகிவிட்டது. எட்டென்றால் ரெண்டு நாலு. பள்ளத்தின்மேல் பலகை போட்டாயிற்று. இனி ஒருத்தர் காலும் உள்ளே போகாது.

பழைய ஏழை அழிக்கவில்லை. எட்டாம் தட்டைத் தனியாகத்தான் வைத்திருந்தார். ஒரு பட்டனை அமுக்கினால் பலகை எழுந்து ஏழாகும், மறுபடி அமுக்கினால் விழுந்து எட்டாகும். எதற்கு அப்படி வைத்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. குருவிடம் மூச்சுவிடவில்லை.

மூன்று மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. சவரிநாதன் மேசைக்குப் பின்னால் நின்றார். பாட்டை எடுத்துவிட்டார்.

ஆடினார்கள். ஒருத்தரும் தடுமாறவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் ஆடினார்கள், கூட வந்த அத்தை ஒருத்தி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடினாள், லுங்கி கட்டிய குண்டு மனிதர் ஒருவர் கையைத் தூக்கித் தூக்கி ஆடினார். மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற கலியமூர்த்தி கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. சவரிநாதன் ஓரக்கண்ணால் குருவைப் பார்த்தார். நிலோஃபர் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. காரைக்காலில் அத்தனை பேர் பார்த்ததைவிட, இவள் ஒருத்தி பார்க்காதது அவரை அதிகம் சுட்டது.

பக்கத்தில் சாய்ந்து கேட்டார். "தெரிஞ்சிடுச்சா?"

"எட்டு வரைக்கும் எண்ணத் தெரியும்ணே."

"பயந்துட்டேம்மா."

"ம்."

"எடுத்துடவா?"

அவள் குனிந்து செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளினாள். மேடையிலிருந்து இறங்கினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நட்ட நடுவில் போய், கண்ணை மூடிக்கொண்டு ஆட ஆரம்பித்தாள்.

சவரிநாதனுக்குப் பகீரென்றது. அவள் பக்கத்தில் நின்றவரை, என்ன ஆனாலும் அவள் கை நீண்டு காப்பாற்றும் என்று ஒரு நினைப்பு இருந்தது. இப்போது மேசைக்குப் பின்னால் அவர் மட்டும்தான். அவளோ, பள்ளம் திறந்தால் முதலில் கால் போகிற இடத்தில் நிற்கிறாள்.

பட்டன்மேல் விரலை வைத்தார். மாதாவே என்று அமுக்கினார்.

முதல் சுற்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த சுற்றில் கால்கள் ஒன்றோடொன்று சிக்கின. ரெண்டு பையன்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டார்கள். துப்பட்டா அத்தை தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு பெண் கையிலிருந்து போன் தெறித்தது. நடுவில், கண்ணை மூடியபடியே, நிலோஃபர் விழுந்தாள். ரெண்டு முட்டியும் சிமெண்டில் மோதின.

ஆட்டம் நின்றது. முகங்கள் திரும்பின. ஒன்று, பத்து, அத்தனையும். காரைக்கால் அப்படியே எழுந்து வந்து எதிரே நின்றது.

கலியமூர்த்தி மெயின் பெட்டியின் மூடியைத் திறந்தார். கை உள்ளே போயிற்று.

ஒரே ஒரு அமுக்கு. பலகை விழுந்துவிடும். எல்லாம் சரியாகிவிடும். சவரிநாதனின் விரல் பட்டன்மேலேயே இருந்தது. காதில் அவர் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. தகிட தகதிமி, தகிட தகதிமி. விரலைத் தூக்கவும் முடியவில்லை, அமுக்கவும் முடியவில்லை.

கீழே, லுங்கி மனிதர் நிலோஃபருக்குக் கை கொடுத்தார். அவள் அந்தக் கையைப் பிடித்து எழுந்தாள். எழுந்த வேகத்தில் ரெண்டு பேருமாகச் சாய்ந்தார்கள், முதல் தட்டில் இடது கால் ஊன்றியது. அடுத்த சுற்றில் விழப்போகிறவர்கள் போல மறுபக்கம் சாய்ந்தார்கள், வலது கால் ஊன்றியது. லுங்கி மனிதர் "அட" என்றார். அத்தை அதைப் பார்த்தாள். தூக்கிய காலை இறக்கினாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். இடித்துக்கொண்ட பையன்கள் வேண்டுமென்றே மறுபடி இடித்தார்கள், இந்தத் தடவை தாளத்தில்.

எல்லாரும் ஆடவில்லை. பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்கள். நின்றவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு காலை மாற்றி ஓங்கி மிதித்தார்கள். மேடைப் பலகை அவர் பாதத்துக்கடியில் அதிர்ந்தது.

கலியமூர்த்தி பெட்டியிலிருந்து கையை எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. பாட்டு முடிகிறவரை அப்படியே நின்றார்.

முடிந்ததும் மேசைக்கு வந்தார். கழுத்து வியர்வையைத் துண்டால் துடைத்தார்.

"நின்னுச்சா நிக்கலையான்னே எனக்கு வெளங்கலய்யா. பாதிப் பேரு காச வாங்கிட்டு ஏமாத்துறியான்னு கேக்குறான். மீதிப் பேரு இன்னொருவாட்டி போடுங்கிறான்."

"அடுத்த ஞாயித்துக்கெழம நான் வரணுமாண்ணே, வர வேணாமா?" என்றார் சவரிநாதன்.

"வா. எனக்குத்தான் இப்ப வயித்தக் கலக்குது." போகிறவர் திரும்பினார். "மொதல்ல அந்தப் பொண்ணு முட்டிக்கு மருந்து போடு. ஒன் பாட்டாலதான் ஒடஞ்சுது."

கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் இருந்தது. நிலோஃபர் படியில் உட்கார்ந்து பேண்ட்டை முட்டிக்குமேல் சுருட்டினாள். தோல் வழன்று மணல் ஒட்டியிருந்தது. சவரிநாதன் தண்ணீர் ஊற்றி மணலைக் கழுவினார். டீக்கடையில் வாங்கி வந்த தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஒற்றினார்.

"எரியுதா?"

"எரியாம என்ன செய்யும்? ஊதிவிடுங்க."

ஊதினார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"மத்தவங்க தடுமாறுனது புரியுது வாத்தியாரம்மா. ஏழுல கால் எப்புடி மாறும்னு எனக்குச் சொல்லிக்குடுத்தவளே நீதான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவ. எந்த எடத்துல என்ன வரும்னு ஒனக்குத் தெரியும். நீ எப்புடிம்மா விழுந்த?"

நிலோஃபர் சுருட்டிய பேண்ட்டை மெல்ல இறக்கிவிட்டாள்.

"எண்ணிக்கிட்டு இருந்திருந்தா விழுந்திருக்க மாட்டேண்ணே. நான் ஆடப் போனேன்."