கொடுக்கில் எழுதிய சட்டம்

அந்தக் காலத்தில், பூவும் புழுவும்கூடப் பேசிக்கொண்டிருந்தபோது, தேனீக்குக் கொட்டுவது தும்முவது மாதிரி. எத்தனை பேரைக் கொட்டினாலும் கொட்டியவளுக்கு ஒன்றும் ஆகாது. வேங்கை மரப் பொந்து ஒன்றில் ஒரு ராணித் தேனீ ஆண்டுவந்தாள். அவள் "கொட்டு" என்றால் கூடே எழுந்துபோய்க் கொட்டும். ஏன், எதற்கு என்று கேட்கிற வழக்கமே அங்கே இல்லை.

அந்தக் கூட்டில் நொச்சி என்று ஒருத்தி. முதன்முதலில் எந்தப் பூவில் தேன் குடித்தாளோ, அந்தப் பெயரைத்தான் தேனீக்கு வைப்பார்கள். நொச்சிக்கு எதைப் பார்த்தாலும் கேள்வி. மழை ஏன் சாய்ந்து பெய்கிறது, எறும்பு ஏன் வரிசையில் போகிறது என்று எல்லோரையும் துளைத்தெடுப்பாள்.

ஒருநாள் மரத்தடியில் ஒரு மான்குட்டி முதுகைத் தேய்த்தது. பொந்து லேசாக ஆடியது. ராணி "கொட்டு" என்றாள். சற்று நேரத்தில் குட்டி செத்துக் கிடந்தது. பாவம், அதற்கு முதுகு அரித்தது, அவ்வளவுதான்.

"அம்மா, அது என்ன செஞ்சுச்சு?" என்று நொச்சி கேட்டுவிட்டாள்.

ராணி விருட்டென்று திரும்பினாள்.

"என்னையே கேக்குறியா? இவளைக் கொட்டுங்கடி!" என்றாள் ராணி.

முன்னால் நின்றவள் வாசல் காவல்காரி தும்பை, நொச்சியின் அக்கா. கொடுக்கை நீட்டியவள், மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள். "என்னால முடியாதும்மா." அடுத்தவளும் இழுத்துக்கொண்டாள். அப்புறம் அவளுக்கு அடுத்தவள். எல்லாக் கொடுக்கும் அடங்கிய பிறகு பார்த்தால், ராணி வெறும் பெரிய தேனீயாகத் தனியே நின்றுகொண்டிருந்தாள்.

அடங்கிய கூடு மறுநொடியே பொங்கியது. "இனிமே நொச்சிதான் ராணி! ஒரு வார்த்தை சொல்லு, இவளைக் கொட்டிடறோம்!"

நொச்சி வாயைத் திறந்தாள். "கொட்டு" என்ற அந்தச் சொல்லின் முதல் எழுத்து நாக்கில் வந்து உட்கார்ந்தது. தேனைவிட இனித்தது. அந்த இனிப்புக்கே பயந்து, அவள் அதை விழுங்கிவிட்டாள்.

"வேண்டாம். இந்தச் சொல் எனக்கும் வேண்டாம், யாருக்குமே வேண்டாம்."

"நீ நல்லவளாச்சே?"

"இன்னைக்கு நல்லவதான். நாளைக்கு? நம்மள ஒருத்தி ஆளக் கூடாது. சட்டம்தான் ஆளணும்."

சட்டத்தை எங்கே எழுதுவது? இலையில் எழுதினால் மான் மேய்ந்துவிடும். மெழுகில் எழுதினால் வெயிலில் உருகிவிடும். மனசில் எழுதலாமே என்றாள் ஒருத்தி. "கோபம் வந்தா மனசு எங்கடி இருக்கும்?" என்று தும்பை சிரித்தாள்.

கடைசியில் நொச்சியே சொன்னாள். "கொடுக்குலேயே எழுதுவோம். தூண்டில் மாதிரி முள் செதுக்கணும். குத்தினா மாட்டிக்கும், குத்தினவ உயிரையும் சேர்த்து இழுத்துடும். உயிரைக் கொடுக்குற அளவுக்குக் காரணம் இருந்தா மட்டும் கொட்டட்டும்."

மூன்று நாள் வாதாடிவிட்டுத்தான் சம்மதித்தார்கள். தன் கொடுக்கு தன் வாய்க்கு எட்டாது. அதனால் ஒவ்வொருத்தியும் இன்னொருத்திக்கு முதுகைக் காட்டி நின்று செதுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நொச்சிக்குத் தும்பை செதுக்கினாள். ராணி மட்டும் ஒரே பிடிவாதம். "சரி, உன் கொடுக்கு அப்படியே இருக்கட்டும். உள்ளே இருந்து முட்டை வை. கொட்டச் சொல்ற அதிகாரம் இனிமே உனக்கில்ல" என்று பேசி முடித்தார்கள். அரைகுறைச் சமரசம்தான், அது அவர்களுக்கும் தெரியும்.

செதுக்கிய வலி ஆறுவதற்குள் கரடி வந்தது. பொந்துக்குள் கையை விட்டுத் தேனடையைப் பிய்த்தது.

"சொல்லு நொச்சி, கொட்டட்டுமா?" என்று எல்லோரும் கத்தினார்கள்.

"சொல்ற உரிமை எனக்கேது? அவங்கவங்கதான் முடிவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டு அவள் பறந்தாள். கரடியின் காதோரம் சுற்றினாள். "போயிடு, உள்ள பிள்ளைங்க இருக்கு, போயிடு." கரடி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதன் நகம் பிள்ளைகள் கிடந்த அடையைத் தொட்டது. நொச்சி இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள். சாக யாருக்கு ஆசை? பிறகு அதன் மூக்கு நுனியில் கொட்டினாள்.

கரடி அலறிக்கொண்டு ஓடியது. கொடுக்கில்லாமல் கீழே கிடந்த தங்கையைப் பார்த்துத் தும்பை வாய்விட்டு அழுதாள். செதுக்கியது அவள் அல்லவா?

"இந்த முள்ளைச் சீவிடலாமா அக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"யாரும் தொடக் கூடாது" என்றாள் தும்பை.

அன்று முதல்தான் தேனீ கொட்டுவதற்கு முன்னால் நம் காதோரம் அத்தனை நேரம் சுற்றிச் சுற்றி ரீங்கரிக்கிறது.