வாத்துச் சந்தைக்கு வழி

ராஜாக்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாமல் முத்திரை குத்திக்கொண்டிருந்த வெகு காலத்துக்கு முன்னால், ஐரோப்பாவில் ஓர் ஆற்றங்கரையில் வெல்ஸ்தோவ் என்றொரு நகரம் இருந்தது. நகரத்தின் நடுவே கல் பாவிய சதுக்கம். சதுக்கத்தின் நடுவே கிணறு. நானூறு வருடமாக அங்கே வாத்து விற்றார்கள். அதனால் அதற்கு வாத்துச் சந்தை என்று பெயர். இதில் மந்திரம் எதுவும் இல்லை. மந்திரம் பிறகு வந்தது.

அங்கே வாத்து விற்றவர்களில் ஒருத்தி ஹெட்விகா. அவளிடம் பேசும் வாத்து ஒன்று இருந்தது. பேசுகிற வாத்தைச் சமைக்க யாருக்கும் மனம் வராததால் அது விற்காமலே தங்கிவிட்டது. அவள் கணவன் மாரெக் படகுக்காரன். ஆற்றில் கண்ணை மூடிக்கொண்டு போவான். தெருவில் இறங்கினால் திசை தெரியாது. சொந்தக் கல்யாணத்துக்கே வழி தவறி, இரண்டு மணி நேரம் கழித்து வந்தவன்.

ராஜா போருக்கு ஆள் பிடித்தபோது மாரெக்கையும் கொண்டுபோனார்கள்.

"திரும்பி வரும்போது எந்த ஊரில் போய் நிற்கப் போகிறீர்களோ," என்றாள் ஹெட்விகா.

"வாய் இருக்கிறதே. பாலம் தாண்டியதும் வாத்துச் சந்தை எங்கே என்று கேட்பேன். யாரும் சொல்வார்கள்."

"நான் கிணற்றடியிலேயே இருப்பேன்."

"இரு. தாமதமானால் திட்டாதே."

ராஜா ஜெயித்தார். சதுக்கத்தில் தனக்கொரு சிலை வைக்க விரும்பினார். "வாத்துச் சந்தையில் நின்றால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்," என்று மந்திரவாதியை அழைத்தார். முதலில் வாத்துகளை விரட்டினார்கள். ஹெட்விகா தன் வாத்தைக் கூடைக்குள் ஒளித்துக்கொண்டாள். மந்திரவாதி கறுப்புக் கோலால் சதுக்கத்தைச் சுற்றிக் கோடு கிழித்தான்.

"பழைய பெயரை நினைத்திருக்கும் மனிதர் இந்தக் கோட்டைத் தாண்டினால் அந்தப் பெயர் மறக்கும். அந்தப் பெயரோடு இங்கே நடந்ததும், இங்கே பழகியவர்களின் நினைவும் போய்விடும். பழைய பெயரைச் சொல்லித் தேடி வரும் மனிதருக்கு இந்த இடத்தில் வெறும் சுவர்தான் தெரியும். பழைய பெயர் நினைவோடு கோட்டைத் தாண்டினால் ஒழிய மந்திரம் உடையாது."

வெற்றிச் சதுக்கம் என்று பலகை மாட்டினார்கள். மக்கள் மாவு வாங்கவும் விறகு வாங்கவும் கோட்டைத் தாண்டினார்கள், மறந்தார்கள். ஹெட்விகா தாண்டவில்லை. புதிதாக வந்தவர்கள் கொண்டுவந்த மாவில் கிணற்றடியில் ரொட்டி சுட்டு, அவர்களுக்கே விற்றாள்.

பலகை வந்தது. சிலை வந்தது. ஹெட்விகா கிணற்றடியில் இருந்தாள்.

ஏழாம் வருடம் புறாக்கள் வாத்திடம் ஒரு சேதி சொல்லின. வாத்து அதை அவளிடம் சொன்னது.

"எஜமானியம்மா, பாலத்தில் ஒருவன் வாத்துச் சந்தைக்கு வழி கேட்கிறானாம். அப்படி ஓர் இடமே இல்லை என்கிறார்களாம்."

"மந்திரவாதி மனிதர் என்றுதானே சொன்னான். நீ தாண்டினால் மறக்காது. போய் அவரைக் கூட்டி வாயேன்."

"பாலத்துக்குப் போகும் வழியில் மூன்று சாப்பாட்டு விடுதிகள். மூன்றிலும் வாத்து வறுவல். நான் கொழுத்திருக்கிறேன், எஜமானியம்மா."

அவள் வற்புறுத்தவில்லை. உயிர் அதனுடையது.

ராஜா இறந்தார். மகன் தன் சிலையை வைத்து, முடிசூட்டுச் சதுக்கம் என்று பெயரிட்டான். பலகை மாறியது. சிலை மாறியது. ஹெட்விகா கிணற்றடியில் இருந்தாள்.

பதினெட்டாம் வருடம் புறாக்கள் மறுபடி வந்தன. அவன் இன்னும் தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பிள்ளைகள் அவனுக்கு வாத்துக்காரன் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

"போகிறாயா?"

"இன்னும் கொழுப்பு கரையவில்லையே."

பேரன் வந்தான். பக்கத்து நாட்டோடு போர் நடந்துகொண்டிருந்தபோதே அமைதிச் சதுக்கம் என்று பெயர் வைத்தான். பலகை மாறியது. சிலை மாறியது. ஹெட்விகா கிணற்றடியில் இருந்தாள். கோட்டுக்குள்ளே பழைய பெயர் தெரிந்த மனுஷி அவள் ஒருத்திதான் மிச்சம்.

முப்பத்தோராம் வருடம் இலையுதிர்ந்து முடிந்தபோது வாத்து சொன்னது: "அவன் நடப்பதை நிறுத்திவிட்டானாம். பார்வை மங்கிவிட்டது. பாலத்துக் கல்லில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரைக் கேட்கிறானாம். பனி விழுந்தால் தாங்கமாட்டான்."

ஹெட்விகா எழுந்து கோடு வரை போனாள். நின்றாள்.

"நான் தாண்டினால், யாரோ கிழவர் என்று அவரைக் கடந்து போய்விடுவேன்."

வாத்து தன் உடம்பைப் பார்த்துக்கொண்டது. "இப்போது என்னை மூன்று நாள் வேகவைத்தாலும் வேகமாட்டேன். நான் போகிறேன்."

ஹெட்விகா அதன் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டாள். அது போயிற்று. மூன்று விடுதிக்காரர்களும் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார்கள். பாலத்தில் அது மாரெக்கின் முன்னால் நின்று கேட்டது:

"வாத்துச் சந்தைக்கு வருகிறாயா, படகுக்காரா? இந்தக் கயிற்றைப் பிடி."

அது கோட்டைத் தாண்டியபோதே மந்திரம் விரிசல் விட்டிருந்தது. தாண்டி வந்த வாயால் அந்தப் பெயரைச் சொன்னதும் முழுதாக உடைந்தது. நகரம் முழுவதற்கும் மறந்ததெல்லாம் ஒரே சமயத்தில் திரும்ப வந்தது. பாலத்தில் மீன் விற்றவள் கூடையைக் கீழே வைத்தாள். வாத்துச் சந்தையில் வாத்து விற்ற தங்கை ஒருத்தி தனக்கு இருந்ததும், போர் வருடத்துக் காய்ச்சலில் அவள் செத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. முப்பத்தொரு வருட அழுகையை நகரம் அன்று பகலில் அழுதது.

அதன் நடுவே ஒரு வாத்தும் ஒரு கிழவரும் மெதுவாக நடந்து வந்தார்கள். கிணற்றடியில் ரொட்டி வாசனை வந்த பக்கம் பார்த்து மாரெக் கேட்டான்:

"அம்மா, வாத்துச் சந்தை இதுதானா?"

ஹெட்விகா சூடான ரொட்டி ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இதுதான். இன்றைக்கும் தாமதமாகத்தான் வந்திருக்கிறீர்கள்."

"திட்டாதே என்று சொன்னேனே," என்றான் மாரெக்.

அவர்களுக்கு ஒரே ஒரு பனிக்காலம்தான் கிடைத்தது. வசந்தத்தில் ஆற்றுப் பனி உடைந்த வாரம் மாரெக் இறந்துபோனான். ஹெட்விகா அதற்குப் பிறகு கோட்டைத் தாண்டி எங்கு வேண்டுமானாலும் போனாள், எதுவும் மறக்கவில்லை. மூன்று சிலைகளையும் உருக்கிக் கிணற்றுக்கு வாளி செய்தார்கள். வாத்து முதுமையில் இறந்தது. அந்த நகரத்தில் அதுவரை எந்த வாத்துக்கும் அது வாய்த்ததில்லை.

இதைக் கேட்டவர்களே, வெல்ஸ்தோவுக்குப் போனால் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். கையை நீட்டிக் காட்ட மாட்டார்கள். வேலையைப் போட்டுவிட்டு, அந்த இடம் வரை உங்களோடு நடந்து வருவார்கள்.