மிளாவின் வெறும் வயிறு

ஈட்டிமலைக் காட்டில் ஒரு கீரி வைத்தியம் பார்த்து வந்தது. கெட்டிக்கார வைத்தியர்தான். நாக்கைப் பார்த்ததுமே நோயைச் சொல்லிவிடும். நோயாளி பேச வாயெடுப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடும்!

ஒரு நாள் ஒரு பெண் மிளா மான் இருமிக்கொண்டே வந்தது. அது குட்டி போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கீரி சித்தரத்தை வேரைக் கொடுத்து, வெறும் வயிற்றில் மென்று தின்னச் சொன்னது. மிளா ஏதோ கேட்க வந்தது. அதற்குள் கீரி கிளம்பிவிட்டது.

நான்கே நாளில் மிளா எலும்பும் தோலுமாகிவிட்டது. இருமலும் நிற்கவில்லை. மடியில் பால் வற்றி, குட்டி சுருண்டு கிடந்தது. தினமும் கீரி வந்து நாக்கைப் பார்க்கும், அதே வேரைத் தின்னச் சொல்லும், ஓடிவிடும். ஐந்தாம் நாள் அதற்கே பயம் வந்துவிட்டது. தாய் செத்தால் குட்டியும் பிழைக்காதே! கௌரவம் பார்க்காமல் போய், அடுத்த மலை வைத்தியரான முள்ளம்பன்றியை அழைத்து வந்தது.

ஏதோ அபூர்வ மூலிகையை எடுக்கப்போகிறது என்று கீரி கண் கொட்டாமல் பார்த்தது. முள்ளம்பன்றி ஒன்றையும் எடுக்கவில்லை. மிளாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தது.

“மருந்தை எப்படிச் சாப்பிடுறேன்னு உன் வாயாலயே சொல்லும்மா. எனக்கு அவசரமே இல்லை.”

மிளா கீரியைப் பார்த்துத் தயங்கியது. முள்ளம்பன்றி பேசாமல் காத்திருந்தது.

“இன்னும் சாப்பிடவே இல்லைங்க. வெறும் வயித்துல தின்னணும்னு சொன்னாரு. நான் அசைபோடுற பிராணி. மேயறதை நிறுத்தி நாலு நாளாச்சு, இன்னும் உள்ளேருந்து புல்லு வந்துக்கிட்டே இருக்கு. வயிறு எப்பங்க வெறுமையாகும்?”

கீரிக்கு அப்போதுதான் விளங்கியது. தான் சொன்ன சொல்தான் இந்தத் தாயை இத்தனை நாள் பட்டினி போட்டிருக்கிறது! மலையிலுள்ள மூலிகை அத்தனையும் தெரிந்த தனக்குப் பிடிபடாததை, ஒரு கேள்வியும் கொஞ்சம் பொறுமையும் வெளியே கொண்டுவந்துவிட்டனவே என்று அதற்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

முதல் முறையாக அது மிளாவின் முன் உட்கார்ந்தது.

“தப்பு என்னோடதும்மா. நல்லா மேய்ஞ்சுட்டே வேரைத் தின்னு. வேற ஏதாவது கேக்கணுமா?”

“இதைத் தின்னுட்டுக் குட்டிக்குப் பால் கொடுக்கலாமாங்க?”

தாராளமாகக் கொடுக்கலாம் என்றது கீரி. அதிலிருந்து மூன்றாம் நாள் இருமல் நின்றது. குட்டி மடியை முட்டி முட்டிப் பால் குடிப்பதைக் கீரி நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றது.

நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, தான் சொன்னது அவருக்குப் புரிந்ததா என்றும் அறிந்துகொள்பவரே நல்ல வைத்தியர்.